ஏழு மாடி மருத்துவமனைக்கு வைஃபை: ரக்கஸ், அரூபா, மெராக்கி, யுனிஃபை, ஒமாடா, எது தேறும்?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதியில் எழுந்து போகிறவர்களுக்கு வசதியாக இருக்கும். திருச்சியில் ஏழு மாடி, சுமார் 250 படுக்கை உள்ள தனியார் மருத்துவமனை எங்களுடையது. அதற்கு ரக்கஸ் வாங்கினோம். வார்டுகளில் ஆர்550 என்ற ஏபி (ஆக்சஸ் பாயின்ட், வைஃபை அலையைப் பரப்புகிற பெட்டி), தனி அறைகளில் சுவரோடு பதிக்கிற எச்550, எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஸ்மார்ட்ஜோன் கன்ட்ரோலர் எங்கள் சர்வரிலேயே. நன்றாக ஓடுகிறது, ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அதற்காக இதைப் படித்த கையோடு ரக்கஸுக்கு ஆர்டர் போட்டுவிடாதீர்கள். அதே பணத்துக்கு அரூபா வாங்கியிருந்தாலும் ஏறக்குறைய இப்படித்தான் ஓடியிருக்கும் என்பது என் கணிப்பு. பெட்டியின் மேல் எந்தப் பெயர் ஒட்டியிருக்கிறது என்பது மூன்றாவது கேள்வி. முதல் கேள்வி, யார் வந்து அளந்து மாட்டப் போகிறார்கள். இரண்டாவது, லைசென்ஸ் எந்த வகை. இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் பிராண்டைப் பற்றிச் சண்டை போட்டு எங்கள் பர்ச்சேஸ் கமிட்டி ஒரு மாதத்தை ஓட்டியது.

எதற்காக மாற்றினோம் என்பதையும் சொல்ல வேண்டும். முன்பு ஒவ்வொரு மாடியிலும் இன்டர்நெட் இணைப்போடு இலவசமாக வந்த ரவுட்டர்கள், ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு. நோயாளியின் பிபி, சர்க்கரை எல்லாம் ட்ராலியில் இருக்கிற டேப்லெட்டில் நேரடியாகப் பதிய வேண்டும் என்று நிர்வாகம் முடிவு செய்த பிறகுதான் வலி தொடங்கியது. நாலாவது மாடி இன்சார்ஜ் சிஸ்டர் ஒருநாள் என்னை நிறுத்திச் சொன்னார்: "தம்பி, 402-ல வச்சு சேவ் அழுத்துனா சுத்திக்கிட்டே இருக்கு, வராண்டாவுக்குத் தள்ளிட்டு வந்தாத்தான் போகுது. நான் பேப்பர்லயே எழுதிட்டு ராத்திரி ஏத்திக்கிறேன்." அப்புறம் எதற்கு டேப்லெட்?

சரி, லைசென்ஸ், அதாவது பெட்டி விலை போக அதை ஓட்டவும் நிர்வகிக்கவும் கட்டுகிற பணம். பெரிய கட்டடத்துக்கு வாங்குகிறவர்கள் முதலில் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இதுதான், கொட்டேஷனில் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் வருவதும் இதுதான்.

மெராக்கி நல்ல சரக்கு, அதில் சந்தேகம் இல்லை. எம்ஐடி மாணவர்களின் ஆராய்ச்சியில் பிறந்து, 2012-ல் சிஸ்கோ 120 கோடி டாலருக்கு வாங்கிய கம்பெனி. பிரவுசரைத் திறந்தால் எந்த மாடியில் எந்த ஃபோன் தடுமாறுகிறது என்பது வரை அழகாகக் காட்டும், நெட்வொர்க் ஆள் இல்லாத இடத்துக்கு வரப்பிரசாதம். ஆனால் எல்லா லைசென்ஸும் ஒரே தேதியில் முடிகிற அவர்களுடைய கோ-டெர்ம் முறையில் லைசென்ஸ் முடிந்து, 30 நாள் சலுகைக் காலமும் கடந்தால் நெட்வொர்க்கே நின்றுவிடும். இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை, அவர்களே எழுதி வைத்திருக்கிற விதிதான். ஐடி கம்பெனிக்கு இது சரிப்படும், வருடா வருடம் பட்ஜெட்டில் தானாக வந்துவிடும். எங்கள் ஊர் மருத்துவமனையில் மூன்று வருடம் கழித்து அந்தப் புதுப்பிப்பு ஃபைல் எந்த மேஜையில், எந்த ஸ்கேன் மெஷின் ஏஎம்சி பில்லுக்கு அடியில் கிடக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் வேண்டாம் என்றேன்.

ஜூனிப்பர் கம்பெனியின் மிஸ்ட்டும் சந்தா வகைதான், பிரச்சினையைத் தானே கண்டுபிடித்துச் சொல்வதில் கெட்டிக்காரன். 2025 ஜூலையில் ஜூனிப்பரையே எச்பிஇ (ஹியூலெட் பேக்கர்ட் என்டர்பிரைஸ்) வாங்கிவிட்டது, ஏறத்தாழ 1,400 கோடி டாலர். அரூபா 2015-லிருந்தே எச்பி குடும்பத்துச் சொத்து. ஆக அரூபாவும் மிஸ்ட்டும் இப்போது ஒரே வீட்டில். இரண்டில் எதற்கு எத்தனை வருடம் சோறு போடுவார்கள் என்று அவர்களுடைய ஆளிடம் எழுத்தில் கேளுங்கள், வாயால் சொல்வது போதாது. இன்னொன்று, அந்த வியாபாரத்துக்கு அமெரிக்க நீதித்துறை ஒப்புக்கொண்டபோது போட்ட நிபந்தனைகளில் ஒன்று, சிறிய இடங்களுக்கான அரூபா இன்ஸ்டன்ட் ஆன் பிரிவை எச்பிஇ விற்றுவிட வேண்டும் என்பது. "அரூபாதான் சார், விலை மட்டும் பாதி" என்று யாராவது இன்ஸ்டன்ட் ஆனைக் கொண்டு வந்தால் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய அரூபாவில் ஏஓஎஸ் 8 என்ற மென்பொருளை இன்ஸ்டன்ட் முறையில் (மேலே சொன்ன இன்ஸ்டன்ட் ஆன் வேறு) ஓட்டினால் ஏபிக்களில் ஒன்றே தலைமையை எடுத்துக்கொள்ளும், தனி கன்ட்ரோலரும் வேண்டாம், சந்தாவும் வேண்டாம். ஏஓஎஸ் 10-க்குப் போனால் சென்ட்ரல் என்ற அவர்களின் கிளவுட் சேவைக்குச் சந்தா கட்டியே ஆக வேண்டும். ஒரே பெட்டி, இரண்டு கணக்கு. கொட்டேஷன் கொடுத்தவரில் ஒருவர் இதைச் சொல்லவே இல்லை, நாங்கள் கேட்ட பிறகுதான் "ஆமா சார், அது தனியா வரும்" என்றார்.

ரக்கஸிலும் இதே போல மூன்று வழி. அன்லீஷ்ட் என்றால் லைசென்ஸே இல்லை, நடுத்தரக் கட்டடத்துக்கு அதுவே தாராளம். ஸ்மார்ட்ஜோன் என்றால் ஏபிக்கு இவ்வளவு என்று ஒருமுறை கட்டினால் போதும், பிறகு சப்போர்ட்டுக்கு மட்டும் பணம். ரக்கஸ் ஒன் என்பது கிளவுட், சந்தா. நாங்கள் நடுவில் இருப்பதை எடுத்தோம். இந்தக் கம்பெனி கைமாறிக்கொண்டே இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2016-ல் புரோகேட், 2017-ல் ஆரிஸ், 2019-ல் காம்ஸ்கோப் என்று மூன்று முதலாளிகள். இத்தனை கை மாறியும் பொருள் கெடவில்லை என்பதால்தான் துணிந்தேன்.

யுனிஃபை, ஒமாடா இரண்டிலும் லைசென்ஸ் தொல்லை கிடையாது. விலையும் கேட்டால் எம்.டி. முகம் மலரும். யுனிஃபை யு6 ப்ளஸ் அமெரிக்கக் கடை விலை நாங்கள் பார்த்தபோது 99 டாலர்தான். ஒமாடாவின் ஓசி200 என்ற உள்ளங்கை அளவுப் பெட்டி 100 கருவிகள் வரை பார்த்துக்கொள்ளும். எங்கள் அண்ணன் நடத்துகிற 20 படுக்கை கிளினிக்கில் ஒமாடாதான் மாட்டிக் கொடுத்தேன், ஒரு குறையும் இல்லை. பிறகு ஏன் இங்கே எடுக்கவில்லை என்றால், ராத்திரி இரண்டு மணிக்கு ஐசியு மாடி முழுவதும் போய்விட்டால் ஃபோன் எடுக்கிற ஒரு ஆளும், மறுநாள் வந்து சேர்கிற மாற்றுப் பெட்டியும் ஒப்பந்தத்தில் எழுதித் தர யாரும் முன்வரவில்லை. அந்த விலைக்கு அதை எதிர்பார்ப்பதும் நியாயம் இல்லை. லாட்ஜ், சின்ன ஸ்கூல், கல்யாண மண்டபம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இந்த இரண்டில் ஒன்றை எடுங்கள்.

அட்டைப்பெட்டியில் போட்டிருக்கிற வேகத்தை நம்பி யாரும் ஒப்பிட வேண்டாம். ஏஎக்ஸ்3000 என்று இருக்கும். அது 2.4 கிகாஹெர்ட்ஸின் 574 மெகாபிட்டையும் 5 கிகாஹெர்ட்ஸின் 2402 மெகாபிட்டையும் கூட்டி மேலே கொஞ்சம் ஏற்றிய எண். அந்த 2402 வர வேண்டும் என்றால் 160 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனல் வேண்டும். நூறு ஏபி நெருக்கி மாட்டிய கட்டடத்தில் 160 வைத்தால் ஒன்றன் காலை ஒன்று மிதிக்கும், ஆகவே 20 அல்லது 40-தான் வைப்போம். 20-ல் சாதாரண ஃபோனுக்கு உச்ச வேகமே 287 மெகாபிட், அதிலும் பாதிதான் கைக்கு வரும். இது எல்லா பிராண்டுக்கும் ஒன்றுதான், இயற்பியலுக்கு டீலர் மார்ஜின் கிடையாது. "ஒரு ஏபிக்கு 512 பேர்" என்பதும் அதே ரகம். 30, 40 பேர் உருப்படியாக வேலை செய்தால் போதும் என்று கணக்குப் போடுங்கள்.

இப்போது இந்தக் கதையின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கொட்டேஷன் தந்த எல்லாரும் ஹீட்மேப் கொடுத்தார்கள், எங்கே சிக்னல் எவ்வளவு இருக்கும் என்று நிறத்தில் காட்டுகிற படம். எங்கள் மாடி வரைபடத்தின் மேல் பச்சைப் பச்சையாக, பார்க்கவே குளிர்ச்சி. ஒருவர் 64 ஏபி போதும் என்றார், இன்னொருவர் 110-க்குக் குறைந்தால் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். ஒரே கட்டடம், ஒரே வரைபடம். அந்த 64 காரரின் லேப்டாப்பிலேயே ஃபைலைத் திறக்கச் சொல்லி, ஒரு சுவரின் மேல் வைத்துக் கிளிக் செய்யச் சொன்னேன். டிரைவால் என்று வந்தது. அதாவது மென்பொருள் தானாகப் போடுகிற அமெரிக்க ஜிப்சம் பலகைச் சுவர், 3 டெசிபல் இழப்பு. எங்களுடையது ஒன்பது அங்குலச் செங்கல், இரண்டு பக்கமும் பூச்சு, குளியலறைப் பக்கம் அதன் மேல் டைல்ஸ் வேறு. குறைந்தது 10, 12 டெசிபல் தின்னும். 3 என்றால் சிக்னல் பாதியாகும், 12 என்றால் பதினாறில் ஒரு பங்கு. பச்சை எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிட்டது.

அதைவிட இன்னொருவரின் வரைபடத்தில் எம்ஆர்ஐ அறைக்குள் ஒரு ஏபி. அந்த அறையைச் சுற்றிலும் ரேடியோ அலை உள்ளே போகக்கூடாது, வெளியே வரக்கூடாது என்றே செம்புத் தகட்டுக் கூண்டு அடித்திருக்கிறார்கள், உள்ளே எப்போதும் இழுத்துக்கொண்டே இருக்கிற காந்தம். எங்கள் ரேடியாலஜி டெக்னீஷியன் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் கேட்கிறது. எக்ஸ்ரே, சிடி, கேத் லேப் வேறு மாதிரி. அங்கே சுவரில் ஈயம், வராண்டாவில் மாட்டிய ஏபி உள்ளே எட்டவே எட்டாது, அறைக்குள் தனியாக ஒன்று வேண்டும். இதையெல்லாம் கட்டடத்தை நடந்து பார்க்காதவருக்குத் தெரிய வழி இல்லை.

வராண்டா என்றதும் ஞாபகம் வருகிறது. நம் ஊரில் ஏபி மாட்டுகிறவர்களுக்கு வராண்டா மேல் தீராத காதல், கேபிள் இழுக்க சுலபம் என்பதால். நீளமான வராண்டாவில் வரிசையாக மாட்டினால் ஏபிக்கள் ஒன்றையொன்று நன்றாகக் கேட்கும், அறைக்குள் இருக்கிற டேப்லெட்டுக்குத்தான் கேட்காது. ஒரே சேனலில் இருக்கிற இரண்டு ஏபி ஒன்றையொன்று கேட்டால் ஒன்று பேசும்போது மற்றது வாயை மூடிக் காத்திருக்கும். அறைகளுக்குள் மாற்றி மாற்றி மாட்டினால்தான் சுவரே நமக்கு வேலை செய்யும். 2.4-ல் உருப்படியாக மூன்றே சேனல், 1, 6, 11, அதனால் பாதி ஏபிக்களில் 2.4-ஐ அணைத்தே வைத்திருக்கிறோம். பழைய பார்கோடு பிரின்டர்களும் ஒரு தலைமுறைக்கு முந்தைய ஈசிஜி மெஷின்களும் இல்லை என்றால் மொத்தமாகவே அணைத்திருப்பேன். 5 கிகாஹெர்ட்ஸில் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தும் அலைவரிசையைக் கூட்டிய 2018 அக்டோபர் அரசு அறிவிப்புக்குப் பிறகு இந்தியாவில் இடம் தாராளம், சேனல் திட்டம் போடுவது அவ்வளவு கஷ்டம் இல்லை.

தேறியவர்கள் என்று நான்கு பேரைக் கூப்பிட்டு, நாலாவது மாடியில் ஆளுக்கு நான்கு ஏபி, உங்கள் செலவில் மாட்டிக் காட்டுங்கள் என்றோம். ஒருவர் அப்போதே கழன்றுகொண்டார், நேரம் மிச்சம். சோதனை ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. நர்ஸ் ஸ்டேஷனிலிருந்து ட்ராலியைத் தள்ளிக்கொண்டு 401 தொடங்கிக் கடைசி அறை வரை, பிறகு லிஃப்ட் வாசல், திரும்பி வர வேண்டும். டேப்லெட்டில் பிங் (இணைப்பு அறுகிறதா என்று பார்க்கிற சோதனை) ஓடிக்கொண்டே இருக்கும், கூடவே ஒரு வாட்ஸ்அப் கால். பெரிய பெரிய வேகச் சோதனை எதுவும் செய்யவில்லை, எங்களுக்கு வேண்டியது அது இல்லை. ட்ராலி போகிற வழியெல்லாம் சிக்னல் மைனஸ் 67 டிபிஎம்முக்குக் (சிக்னல் பலத்தின் அளவு, பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க நல்லது) கீழே இறங்கக்கூடாது, ஒரு ஏபியை விட்டு அடுத்த ஏபிக்குத் தாவும்போது கால் அறுந்துபோகக்கூடாது, அவ்வளவுதான்.

ஒரு பிராண்டில் டேப்லெட் பழைய ஏபியை விடவே மாட்டேன் என்று பிடித்துக்கொண்டது, லிஃப்ட் வரை வந்தும் 403-லேயே ஒட்டிக்கொண்டிருந்தது. பெயர் வேண்டாம், அவர்களின் இன்ஜினியர் மறுநாள் குறைந்த வேகங்களை நிறுத்தி, பவரைக் குறைத்து ஓரளவு சரி செய்தார், தவறு பெட்டியில் இல்லை என்றும் ஆகிறது. அது மட்டும் இல்லை, நாங்கள் வாங்கியிருந்த மலிவு ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் ஒரு மாடலுக்கு ஏபி விட்டு ஏபி தாவுவதை வேகப்படுத்துகிற 802.11ஆர் என்ற தரம் ஒத்துக்கொள்ளவில்லை, தாவுவதற்கு உதவுகிற மற்ற இரண்டு தரங்களான கே, வி இரண்டையும் வைத்து ஆரை அணைத்த பிறகுதான் எல்லாருடைய ஏபியிலும் ஒழுங்காகத் தாவியது. ஆகவே சோதனைக்கு உங்கள் டேப்லெட்டைக் கொடுங்கள், வியாபாரி கொண்டு வருகிற ஐபேடில் எல்லாமே ஜோராகத்தான் ஓடும்.

ரக்கஸ் இதில் முந்தியது ட்ராலி சோதனையில்தான். ஆன்டெனா வடிவத்தை ஒவ்வொரு கருவிக்கும் தகுந்தாற்போல் மாற்றிக்கொள்கிற பீம்ஃப்ளெக்ஸ் என்பதை விளம்பரம் என்றே நினைத்திருந்தேன். டேப்லெட்டை ட்ராலியில் படுக்க வைத்தால் மற்ற இரண்டிலும் சிக்னல் சட்டென்று இறங்கியது, இதில் அவ்வளவு இறங்கவில்லை. நான் பார்த்தது எங்கள் மாடியில், எங்கள் டேப்லெட்டில். உங்கள் இடத்தில் வேறு மாதிரி இருக்கலாம். ஒவ்வொருவருக்கும் தனித்தனி பாஸ்வேர்டு கொடுக்கிற டிபிஎஸ்கே வசதியும் பிடித்தது, ஒரே பெயர் வைஃபையில் நர்ஸ் ட்ராலி ஒரு விலான் (உள்ளேயே தனியாகப் பிரித்த நெட்வொர்க்), இன்ஃப்யூஷன் பம்ப் இன்னொரு விலான் என்று பிரித்துவிடலாம். ஆனால் இதை அவர்களின் தனிச்சொத்து என்று நினைத்து வாங்க வேண்டாம், அரூபாவில் எம்பிஎஸ்கே, மெராக்கியில் ஐபிஎஸ்கே, யுனிஃபையில் பிபிஎஸ்கே என்று பெயர் மாறி எல்லா இடத்திலும் இருக்கிறது. ரக்கஸின் குறை என்றால் விலை, அப்புறம் ஸ்மார்ட்ஜோன் திரையில் ஒரு செட்டிங்கைத் தேடிப் பிடிப்பதற்குள் காபி ஆறிவிடும். மெராக்கியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது பழைய காலத்து மென்பொருள்.

வைஃபை 7 வாங்கவில்லையா என்று எல்லாரும் கேட்கிறார்கள். 2024 ஜனவரியில் சான்றிதழ் வந்த தரம், நல்லதுதான். ஆனால் அதன் பெரிய பெருமையான 320 மெகாஹெர்ட்ஸ் அகலம் 6 கிகாஹெர்ட்ஸில் மட்டும்தான். அமெரிக்கா அங்கே 1200 மெகாஹெர்ட்ஸை 2020-லேயே திறந்துவிட்டது. இங்கே 2025 மே மாதம் வந்த வரைவு விதியில் 5925 முதல் 6425 வரை, 500 மெகாஹெர்ட்ஸ். நாங்கள் ஆர்டர் போட்டபோது நிலைமை அவ்வளவுதான், டேப்லெட்டுகளோ அந்தப் பக்கமே வராதவை. அதற்காக ஸ்விட்ச்களையும் அதிகப் பவர் தருகிறவையாக மாற்ற வேண்டியிருக்கும் என்றதும் விட்டுவிட்டோம்.

பவர் விஷயத்தையும் கொட்டேஷனில் பாருங்கள். பழைய பிஓஇ (நெட்வொர்க் கேபிளிலேயே கரன்டும் அனுப்புகிற முறை) ஸ்விட்ச் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் தரும், புது ஏபிக்கள் நிறைய 30 வாட் கேட்கும். குறைந்த பவரில் போட்டாலும் விளக்கு எரியும், ஆனால் உள்ளே ஒரு பகுதியை அணைத்துவிட்டு ஓடும், யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு மாடி ராக்கிலும் சின்ன யுபிஎஸ் கேட்டு வாங்குங்கள். கரன்ட் போய் ஜெனரேட்டர் எடுக்க சில நொடிதான், ஆனால் ஸ்விட்ச்சும் ஏபியும் மறுபடி கண் விழிக்கப் பல நிமிடம் ஆகும்.

கேபிளை நம்பவே நம்பாதீர்கள். எங்களுக்கு வந்த முதல் லோடில் ஒரு ரோலை எடுத்துப் பிளேடால் கம்பியைச் சுரண்டினோம், செம்பு நிறத்துக்குக் கீழே வெள்ளி நிறம். அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு. பிஓஇ பவர் போகிற கேபிள் கட்டுக்கட்டாக ஃபால்ஸ் சீலிங்குக்குள் கிடக்கும்போது அது சூடாகும், ஜாயின்டில் தேயும். லோடு முழுவதையும் திருப்பி அனுப்பினோம், சப்ளையர் "ரேட்டுக்குத் தகுந்த சரக்கு சார்" என்றார். அந்த ஃபால்ஸ் சீலிங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐசியுவில் ஒரு சீலிங் பலகையைத் தூக்கினால் வருடக்கணக்கான தூசியோடு பூஞ்சையும் இறங்கும், அங்கே படுத்திருக்கிறவர்களுக்கு அது உயிராபத்து. தொற்றுக் கட்டுப்பாட்டு சிஸ்டர் அனுமதி இல்லாமல் ஒரு பலகையைக்கூடத் தொடக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதினோம். பிளாஸ்டிக் ஷீட் கட்டி ராத்திரியில்தான் வேலை. இதற்கு முகம் சுளிக்காத எஸ்ஐயைத்தான் (சிஸ்டம் இன்டகிரேட்டர், எல்லாவற்றையும் மாட்டித் தருகிற ஒப்பந்தக்காரர்) தேர்ந்தெடுத்தோம், சொல்லப்போனால் ரக்கஸ் ஜெயித்ததில் பாதிக் காரணம் அந்த எஸ்ஐ.

பார்வையாளர்களுக்கான கெஸ்ட் வைஃபைதான் கடைசிவரை இழுத்தது. ஓடிபி போட்டு நுழைகிற பக்கம் தயாராகிவிட்டது, எஸ்எம்எஸ் மட்டும் போகவில்லை. டிராய் கொண்டு வந்த டிஎல்டி முறையில் நிறுவனத்தின் பெயர், அனுப்புகிற தலைப்பு, செய்தியின் வாசகம் மூன்றையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், வாசகத்தில் ஒரு எழுத்து மாறினாலும் செய்தி நின்றுவிடும். இதை யார் செய்வது என்பது கொட்டேஷனில் இல்லாததால் எஸ்ஐ எங்களைக் காட்ட, நாங்கள் எஸ்ஐயைக் காட்ட, வாரங்கள் ஓடின. மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், அந்த இடம் ஃபயர்வாலிலா தனி சர்வரிலா என்பதையும் ஆர்டருக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

பர்ச்சேஸ் ஆர்டரில் நாங்கள் போட்ட நிபந்தனைகளில் இரண்டு பிரயோஜனமாக இருந்தன. ஒன்று, எல்லாம் மாட்டிய பிறகு நடந்து அளந்த ரிப்போர்ட், கதவுகள் சாத்தி, அறையில் ஆள் இருக்கும்போது எடுத்தது, அது வரும்வரை பத்து சதவீதம் நிறுத்தி வைக்கப்படும். அளந்தபோது ஐந்தாவது மாடியில் இரண்டு இடம் தேறவில்லை, ஒன்று பீரோக்களாக நிறைந்த ரெக்கார்டு ரூமுக்குப் பின்னால், எஸ்ஐ தன் செலவில் ஏபி சேர்த்தார். இரண்டு, ஒவ்வொரு மாடலிலும் இரண்டிரண்டு ஸ்பேர் பெட்டி எங்கள் ஸ்டோரிலேயே இருக்க வேண்டும். வாரன்டியில் மாற்றுப் பெட்டி சென்னை வழியாக எப்போது வந்தாலும் வரட்டும், அதுவரை ஸ்டோரில் இருப்பதை மாட்டிக்கொள்ளலாம்.